கட்டடத் தளத்தில் கூட்டு வேலை: வாசகர் கேள்வி–பதில்

கட்டடத் தளங்களில் பல தரப்பினர் சேர்ந்து வேலை செய்யும்போது எழும் சிக்கல்கள் பற்றிக் கொழும்பிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களையும் அவர்கள் வேலை செய்யும் திட்டங்களையும் இனங்காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: வெள்ளவத்தையில் எழும் அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் தளப் பொறியியலாளராக இருக்கிறேன். ஆறாம் மாடியில் கொங்கிறீற் போட்டுச் அதற்கு அச்சாக நின்ற சட்டரிங் பலகைகளைக் கழற்றிய பிறகுதான், குளியலறைக் கழிவுக் குழாய் போக வேண்டிய பாதையில் பீம் (தளத்தைத் தாங்கும் விட்டம்) ஒன்று குறுக்கே நிற்பது தெரிய வந்தது. குழாய் வேலையை எடுத்தவர்கள் தங்கள் வரைபடத்தில் குழாய்க்காகப் பீமில் விட வேண்டிய துளை காட்டப்பட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். கட்டமைப்பு வரைபடத்தில் அது இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தன் வேலையல்ல என்கிறார் பிரதான ஒப்பந்தகாரர். இப்போது பீமைத் துளைக்கச் சொல்லி எனக்கு அழுத்தம் வருகிறது. இதற்கு யார் பொறுப்பு?

பதில்: பொறுப்பைப் பிறகு பார்ப்போம். முதலில், கட்டமைப்புப் பொறியியலாளரின் எழுத்துமூல அனுமதி கைக்கு வரும்வரை அந்தப் பீமில் எவரும் துளையிட விடாதீர்கள். துளையிடும் கோர் கட்டிங் இயந்திரத்துக்குக் கொங்கிறீற்றும் கம்பியும் ஒன்றுதான். வழியில் வருவதையெல்லாம் அது வெட்டிக்கொண்டு போகும். தூணுக்கு அருகே பீமில் வளையக் கம்பிகள் நெருக்கமாகப் போடப்படுவது அங்கே பீமைக் குறுக்கே அறுக்க முயலும் வெட்டு விசை அதிகம் என்பதால்தான். நான்கு அங்குலக் குழாய்க்காக அங்கே துளையிட்டால் அந்த வளையங்களில் ஒன்றிரண்டாவது போய்விடும். பீமின் நடுப்பகுதியில், உயரத்தின் மத்தியில், கம்பி எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்த பிறகு சில வேளைகளில் அனுமதி கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் குழாயைப் பீமுக்குக் கீழே இறக்கி, கீழ் வீட்டின் உட்கூரையைச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருக்கும். கட்டடக் கலைஞர் அதை விரும்பமாட்டார். ஆனால் அவருடைய மனக்குறையோடு வாழ முடியும். பலவீனப்பட்ட பீமின் கீழே ஒரு குடும்பத்தைக் குடியிருத்த முடியாது.

இனிப் பொறுப்பு. நீங்கள் விவரித்த நிலையில் மூவரும் தத்தம் எல்லைக்குள் சரியாகவே நடந்திருக்கலாம். ஒவ்வொருவரும் தன் வரைபடத்தைத் தான் பார்த்தார். இரண்டு வரைபடங்கள் சந்திக்கும் இடத்தைப் பார்க்கும்படி யாருக்கும் சொல்லப்படவில்லை. கட்டடத் துறையின் மோசமான விபத்துகளில் சில இந்தச் சந்திப்பிடத்தில்தான் பிறந்திருக்கின்றன. 1981 ஜூலை 17ஆம் திகதி அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், ஹயட் ரீஜென்சி ஹோட்டலின் முன்மண்டபத்துக்கு மேலே தொங்கிய நடைபாலங்கள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளக் கம்பி நான்காம் மாடிப் பாலத்தினூடாகச் சென்று இரண்டாம் மாடிப் பாலத்தையும் தாங்க வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டுவது சிரமம் என்பதால், உருக்கு வேலை செய்த நிறுவனம் அதை இரண்டு கம்பிகளாகப் பிரித்தது: ஒன்று கூரையிலிருந்து நான்காம் மாடிவரை, மற்றது நான்காம் மாடிப் பாலத்திலிருந்து இரண்டாம் மாடிவரை. கீழ்ப்பாலத்தின் பாரம் இதனால் மேல்பாலத்தில் தொங்கியது. மேல்பாலத்து இணைப்பின் மேல் விழுந்த பாரம் இரண்டு மடங்காயிற்று. அந்த இணைப்பு முதல் வடிவமைப்பிலேயே விதிமுறை கேட்ட வலிமையைக் கொண்டிருக்கவில்லை என்பதும் விசாரணையில் தெரிய வந்தது. மாற்றப்பட்ட வரைபடத்தில் பொறியியல் நிறுவனத்தின் முத்திரை இருந்தது. ஆனால் அந்த இணைப்பை யார் கணக்கிட்டுப் பார்ப்பது என்பதில் இரு தரப்பும் மற்றவரை நம்பியிருந்தன. முத்திரை குத்தியவர்கள் என்ற வகையில் பொறியியலாளர்களே பொறுப்பாக்கப்பட்டு, அவர்களுடைய தொழில் அனுமதி பறிக்கப்பட்டது.

உங்கள் தளத்தில் இன்னும் மாடிகள் எழ இருக்கின்றன. ஆகவே அடுத்த மாடிக்கு முன்பே கட்டமைப்பு, குழாய், மின்சாரம், குளிரூட்டல் ஆகிய நான்கையும் ஒரே தாளில் ஒன்றன் மேல் ஒன்றாக வரைந்த இணைப்பு வரைபடம் ஒன்றைக் கேளுங்கள். கணினியில் முப்பரிமாண மாதிரி இருந்தால் மோதல்களை அதுவே காட்டித் தரும். இல்லாவிட்டாலும் நான்கு நிறப் பேனைகளும் ஒரு பெரிய மேசையும் போதும். அந்தத் தாளில் நான்கு தரப்பும் கையொப்பமிடாமல் கொங்கிறீற் லொறிக்குச் சொல்லக்கூடாது என்று விதி வையுங்கள். கொங்கிறீற் போடுவதற்கு முதல் நாள் மாலை, குழாய்க்காரரின் ஆளும் கம்பிக்காரரின் ஆளும் உங்களோடு சட்டரிங்கின் மேல் ஏறி, குழாய்க்கு இடம் விட வைத்த ஒவ்வொரு துளைக் குழலையும் தாளோடு ஒப்பிட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த இணைப்பு வேலைக்கு நேரமும் ஆளும் தேவை, இரண்டுக்கும் பணம் தேவை. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற முறையில் போட்டியிடும் ஒப்பந்தகாரர், கேள்விப்பத்திரத்தில் எழுதப்படாத ஒன்றுக்கு விலை போட்டிருக்கமாட்டார். எனவே “அது என் வேலையல்ல” என்று அவர் சொல்வது பிடிவாதம் மட்டுமே என்று எண்ண வேண்டாம். அடுத்த திட்டத்தின் விலைப்பட்டியலில் இணைப்பு வரைபடத்துக்கென்று தனி உருப்படி ஒன்றைச் சேர்க்கும்படி உங்கள் ஆலோசகரிடமும், அளவையும் செலவையும் கணக்கிடும் கியூ.எஸ்.ஸிடமும் வற்புறுத்துங்கள்.

கேள்வி: கொள்ளுப்பிட்டியில் அலுவலகக் கட்டடமொன்றின் திட்ட முகாமையாளராக இருக்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று மணி நேரக் கூட்டம். எல்லா உப ஒப்பந்தகாரர்களும் வந்து எல்லாவற்றுக்கும் “ஓம் சேர்” என்கிறார்கள். சனிக்கிழமை பார்த்தால் பாதிகூட நடந்திருக்காது. இவர்களிடம் பொறுப்புணர்வை எப்படி வளர்ப்பது?

பதில்: “பாதிகூட” என்று நீங்கள் எழுதியது எனக்கு வியப்பைத் தரவில்லை. அமெரிக்காவில் கிளென் பலார்ட், கிரெக் ஹவெல் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1990களில் தளங்களின் வாராந்தத் திட்டங்களை அளந்து பார்த்தபோது, அந்த வாரத்தில் முடிப்பதாகச் சொல்லப்பட்ட வேலைகளில் ஏறத்தாழப் பாதிதான் உண்மையில் முடிந்திருந்தது. பொறுப்புணர்வுக் குறைவை அவர்கள் காரணமாகக் காணவில்லை. நடக்க வேண்டியதை மேலே இருப்பவர்கள் எழுதினார்கள். நடக்கக்கூடியதைக் கீழே இருப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அதிலிருந்து அவர்கள் வகுத்த முறையில், வேலையை நேரடியாகச் செய்விக்கும் மேற்பார்வையாளரே கடைசித் திட்டமிடுபவர் ஆகிறார். தடை எல்லாம் நீங்கிய வேலைக்கு மட்டுமே அவர் வாக்குக் கொடுக்க வேண்டும்.

உங்கள் கூட்டத்துக்கு வருவது யார் என்று பாருங்கள். அநேகமாக உப ஒப்பந்த நிறுவனங்களின் உரிமையாளர்களோ அவர்களின் முகாமையாளர்களோ வருகிறார்கள். கம்பி கட்டும் குழுவின் தலைவரும் மின்குழாய் பதிக்கும் பையன்களை நடத்துபவரும் அந்த அறைக்குள் வருவதேயில்லை. அவர்களை அழையுங்கள். ஒருமுறை அவர்களை மேசையைச் சுற்றி அமர்த்தி, “சனிக்கிழமை பத்தாம் மாடித் தளத்துக்குக் கொங்கிறீற் போட வேண்டும், அதற்கு என்ன தடை?” என்று கேளுங்கள். 16 மில்லிமீற்றர்க் கம்பி இன்னும் வரவில்லை என்று ஒருவர் சொல்வார். கீழ்க் கம்பி வலை கட்டி முடித்த பிறகு, மேல் வலை கட்டுவதற்கு முன், தனக்கு அரை நாள் இடம் விட வேண்டும் என்றும் போன மாடியில் யாரும் விடவில்லை என்றும் மின்சாரக்காரர் சொல்வார். ஆலோசகரின் பரிசோதனைக்கு ஒரு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமை மாலையில் கூப்பிட்டால் அவர் வரமாட்டார் என்று உங்கள் இளம் பொறியியலாளர் சொல்வார். கொங்கிறீற் பம்ப் வேறொரு தளத்துக்குப் பதிவாகிவிட்டது என்பதும் அப்போதுதான் வெளிவரும். இவற்றில் ஒன்றுகூடத் திங்கட்கிழமைக் கூட்டத்தின் அறிக்கையில் இருந்திருக்காது.

இப்படிப் பேச வைப்பது உங்கள் முகத்தைப் பொறுத்தது. “முடியாது” என்று முதலில் சொல்பவரை எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் ஒருமுறை கடிந்துகொண்டால், அதன் பிறகு அந்த மேசையிலிருந்து உண்மை வராது. “ஓம் சேர்” மட்டுமே வரும். எங்கள் ஊரில் வயதுக்கும் பதவிக்கும் கொடுக்கும் மரியாதை நல்லதுதான், ஆனால் தளத்தில் அது வாயைக் கட்டிப்போடுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இருபது வருடம் கம்பி கட்டிய மனிதர், நேற்றுப் பட்டம் பெற்று வந்த பொறியியலாளரின் பிழையைக் கண்டும், “அவர் படித்தவர், நமக்கென்ன” என்று பேசாமல் இருந்துவிடுவார். வாராவாரம் எத்தனை வாக்குகள் நிறைவேறின என்று எண்ணுங்கள், நிறைவேறாத ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுங்கள். அந்த எண்ணைக் கொண்டு யாருக்கும் அபராதம் போடாதீர்கள். ஒரு மாதம் எழுதினால், ஒரே காரணம் பலமுறை திரும்பி வருவது கண்ணில் படும். அது பெரும்பாலும் பொருள் தாமதமாகவோ வரைபடத் தாமதமாகவோ இருக்கும். அதாவது உங்கள் பக்கத்தில் இருக்கும்.

கெட்ட செய்தி உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கனடாவின் கியூபெக் பாலம் நிலையான சாட்சி. 1907 ஓகஸ்டில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பாலத்தின் கீழ் உறுப்புகள் வளைந்து வருவதைத் தளத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஆலோசனைப் பொறியியலாளர் தியடோர் கூப்பர் முதுமையாலும் நோயாலும் நியூயோர்க்கில் இருந்தார். வேலையை நிறுத்தும் அதிகாரம் தளத்தில் எவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. தளத்துப் பொறியியலாளர் ஒருவர் நேரில் போய்ச் சொன்ன பிறகு, மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று கூப்பர் தந்தி அனுப்பினார். ஆனால் அது தளத்துக்குப் போகவில்லை, பென்சில்வேனியாவில் இருந்த உருக்கு நிறுவனத்துக்குப் போனது. அதே நாள், ஓகஸ்ட் 29, மாலையில் பாலம் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். உங்கள் தளத்தில் ஆபத்தொன்றைக் காணும் ஒருவர் யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தலாமா என்று இன்றே மேற்பார்வையாளர்களிடம் விசாரித்துப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால், அதை ஒரே பதிலாக்குவதுதான் அடுத்த திங்கட்கிழமையின் முதல் வேலை.

கேள்வி: தெஹிவளையில் வசிக்கும் பெண் கியூ.எஸ். நான். எங்கள் தளத்தில் ஆலோசகர் குழு ஆங்கிலத்தில் பேசுகிறது, மேற்பார்வையாளர்களுக்குச் சிங்களம், சட்டரிங் குழுவில் பெரும்பாலானோர் மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த தமிழர்கள். காலைப் பாதுகாப்பு அறிவுறுத்தல் சிங்களத்தில் மட்டும் நடக்கிறது. நான் மொழிபெயர்த்து உதவுகிறேன், ஆனால் இது என் வேலையா என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் செய்வது நல்ல காரியம், அதை நீங்கள் ஒருவரே செய்ய நேர்ந்திருப்பதுதான் பிழை. நீங்கள் வராத நாளில் அந்தக் குழுவுக்கு அறிவுறுத்தல் இல்லை என்று ஆகிவிடுகிறது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்பது ஒருபுறம் இருக்கட்டும். பன்னிரண்டாம் மாடியின் விளிம்பில் நிற்கும் ஒருவர், பாதுகாப்புப் பட்டியை எங்கே கொளுவ வேண்டும் என்பதைத் தனக்கு விளங்கும் மொழியில் கேட்க வேண்டும் என்பதற்குச் சட்டம் தேவையில்லை.

பாதுகாப்பு அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்: அறிவுறுத்தல் இரு மொழியிலும் நடக்க வேண்டும், தமிழில் பேசுபவர் அந்தக் குழுவின் தலைவராகவே இருக்க வேண்டும், அவருக்கு அதற்கான பயிற்சியும் நேரமும் தரப்பட வேண்டும். “விளங்கினதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆகவே அப்படிக் கேட்கக் கூடாது. ஒருவரை முன்னே அழைத்து, தான் விளங்கிக்கொண்டதைத் தன் வாயால் சொல்லவோ செய்துகாட்டவோ விட வேண்டும். கூட்ட அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கலாம். ஆனால் மேற்பார்வையாளர் செய்ய வேண்டிய இரண்டு மூன்று வரிகளை அவருடைய மொழியில் கீழே எழுதிக் கொடுப்பதால் எவருக்கும் கௌரவம் குறையாது.

நீங்கள் கடிதத்தின் கடைசியில் குறிப்பிட்ட இன்னொன்று, கூட்டத்தில் உங்கள் கணக்குகளை உங்களிடம் கேட்காமல் பக்கத்தில் இருக்கும் ஆணிடம் கேட்கிறார்கள் என்பது. அந்தக் கணக்குகளைக் கூட்டத்துக்கு முதல் நாளே உங்கள் பெயரில், உங்கள் கையொப்பத்தோடு எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவரிடமே கேட்டால், நீங்களே பதில் சொல்லுங்கள். இதைச் சீர்செய்யும் கடமை உங்களுடையதல்ல, கூட்டத்தை நடத்துபவருடையது. அவரிடம் தனியாகப் பேசத் தயங்க வேண்டாம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையிலிருந்து எழுதுகிறேன். நான் டைல் பதிக்கும் உப ஒப்பந்தகாரர். மேலிடத்திலிருந்து பணம் வந்தால்தான் எனக்கும் பணம் என்று பிரதான ஒப்பந்தகாரர் மாதக்கணக்கில் இழுக்கிறார். ஆனால் “நாமெல்லாம் ஒரே குழு” என்று கூட்டத்தில் பேசுகிறார். என் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க நகை அடகு வைத்துவிட்டேன்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பணம் கீழே இறங்காத இடத்தில் ஒற்றுமை பற்றிப் பேசுவது, பலவீனமானவரின் பணத்தில் பலமானவர் கட்டடம் கட்டுவதற்கு ஒப்பானது. “எனக்கு வந்தால் உனக்கு” என்ற நிபந்தனையைப் பிரித்தானியா 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் பெரும்பாலும் செல்லாததாக்கியது. சிங்கப்பூர் 2004இல் கட்டடத் துறைக் கொடுப்பனவுகளுக்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது. அங்கேயும் பெரியவர்கள் தாமாக முன்வந்து கொடுக்கவில்லை என்பதால்தான் சட்டம் தேவைப்பட்டது.

உங்கள் கையில் இப்போது இருப்பது உங்கள் ஒப்பந்தம். அது ஒரு பக்கத் தாளாக இருந்தாலும் எடுத்துப் படியுங்கள். கொடுப்பனவுக்குத் திகதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு மாத அளவீட்டையும் அவர்களுடைய கியூ.எஸ்.ஸோடு சேர்ந்து எடுத்து, அன்றே இரு தரப்பும் கையொப்பமிடுங்கள். தாமதத்தை எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு சொன்னதாகாது. பெரிய திட்டங்களில் பயன்படும், ஆலோசனைப் பொறியியலாளர்களின் சர்வதேசச் சம்மேளனமான ஃபிடிக்கின் 1999 ஒப்பந்த நிபந்தனைகளின்படி, மேலதிகப் பணமோ காலமோ கோரும் ஒப்பந்தகாரர், காரணம் தெரிய வந்ததிலிருந்து 28 நாட்களுக்குள் அறிவித்தல் கொடுக்காவிட்டால் உரிமையை இழந்துவிடுகிறார். உங்கள் சிறிய ஒப்பந்தத்திலும் அதன் நிபந்தனைகள் சேர்க்கப்பட்டிருக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் பலர் கடிதம் எழுதினால் உறவு கெட்டுவிடும் என்று அஞ்சுகிறார்கள். மரியாதையாக எழுதிய கடிதத்தால் கெட்ட உறவைவிட, எழுதாமல் மனதில் சேர்த்து வைத்து ஒருநாள் ஆட்களை இறக்கிக்கொண்டு போனதால் கெட்ட உறவுகளே அதிகம்.

2022இல் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. விலையேற்றத்தை ஈடுசெய்யும் சூத்திரம் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள்; அது இல்லாத உப ஒப்பந்தகாரர்கள் பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட வேலைக்குப் புதிய விலையில் சீமெந்து வாங்கி நட்டத்தைத் தாங்கினார்கள். அடுத்த வேலையை ஒப்புக்கொள்ளும்போது, பிரதான ஒப்பந்தகாரருக்குக் கிடைக்கும் விலைத் திருத்தம் உங்களுக்கும் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காது என்றால், இறக்குமதி டைல், பசை ஆகியவற்றை அவரே வாங்கித் தரட்டும். நீங்கள் கூலிக்கு மட்டும் விலை போடுங்கள்.

கேள்வி: இராஜகிரியவில் சொந்த வீடு கட்டுகிறேன். மேசனுக்கும் மின்சாரக்காரருக்கும் நாளாந்தம் சண்டை. சிறிய வீட்டுக்கும் இந்தக் கூட்டு வேலை விதிகளெல்லாம் தேவையா?

பதில்: ஒரு கொப்பி போதும். ஆனால் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: மாலையில் வந்து, “இந்தச் சுவரைச் சற்றுத் தள்ளுங்கள், இங்கே இன்னொரு பிளக் வையுங்கள்” என்று மேசனிடம் நேரே சொல்லிவிட்டுப் போவது நீங்களாக இருக்கலாம். மின்சாரக்காரருக்கு அது தெரியாது. காலையில் வந்து பார்த்தால் அவர் வெட்டிய காடி பூசி மூடப்பட்டிருக்கும். எந்த மாற்றத்தையும் கொப்பியில் திகதியோடு எழுதி, இருவரும் பார்த்த பிறகே செய்யச் சொல்லுங்கள். சண்டையில் பாதி நின்றுவிடும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பொறியியலாளர், பம்பலப்பிட்டி. எங்கள் காலத்தில் கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் ஒரே அலுவலகத்தில் ஒரே மேசையில் இருந்து வேலை செய்தோம். இன்று ஆளுக்கொரு நிறுவனம், ஆளுக்கொரு ஒப்பந்தம், ஆளுக்கொரு சட்டத்தரணி. நோயின் மூலம் இந்தப் பிரிவினைதானே?

பதில்: பெரும்பகுதி உண்மை, ஐயா. நீங்கள் சொல்லும் காலத்துக்கு நல்ல சான்று நம் கண் முன்னேயே இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் பெயரை எல்லோரும் அறிவார்கள். எட்வேர்ட்ஸ் ரீட் அன்ட் பெக் நிறுவனத்தில் 1960களின் பிற்பகுதியிலிருந்து அவருக்குப் பங்காளராக இருந்த பொறியியலாளர் கே. பூலோகசுந்தரத்தின் பெயரை நம்மவர்களிலும் பலர் அறியமாட்டார்கள். தியவன்னா ஓயாவின் நடுவே எழுந்த நாடாளுமன்றத்தை வடிவமைக்கும் வேலை 1979இல் பாவாவிடம் ஒப்படைக்கப்பட்டது; கட்டடம் 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கட்டியது ஜப்பானிய நிறுவனம். சதுப்பு நிலத்தைத் தோண்டி நீர்ப்பரப்பாக்கி, இவ்வளவு குறுகிய காலத்தில் அதை முடித்ததில், வடிவம் நினைப்பவரும் கணக்குப் பார்ப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததற்குப் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

ஆயினும் ஒரே மேசைக்குத் திரும்புவதால் மட்டும் நோய் தீராது. இன்றைய கட்டடத்தில் தீத்தடுப்பு, குளிரூட்டல், மின்தூக்கி, கண்ணாடி முகப்பு என்று தனித்தனி வல்லுநர் தேவை. எல்லோரையும் ஒரே நிறுவனம் வைத்திருக்க முடியாது. ஆகவே வேறுவேறு நிறுவனத்தவரை ஒரே நலனோடு எப்படிக் கட்டுவது என்பதே கேள்வி. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் இதற்கு ஒரு துணிவான விடையைத் தந்தது. திட்டத்தின் ஆபத்துச் சுமையை ஒப்பந்தகாரர் தலையில் கட்டாமல் உரிமையாளரான பி.ஏ.ஏ. நிறுவனமே ஏற்றுக்கொண்டது. பிழை நேர்ந்தால் குற்றவாளியைத் தேடுவதற்குச் செலவாகும் பணமும் நேரமும் அதைத் திருத்துவதற்குப் போயின. 430 கோடி பவுண் பெறுமதியான அந்த வேலை உரிய காலத்தில், உரிய செலவில் முடிந்தது.

ஆனால் 2008 மார்ச் 27ஆம் திகதி முனையம் திறக்கப்பட்ட அன்றே பயணப் பொதிகள் தேங்கி, அடுத்த நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் இரத்தாயின. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, பொதி ஒழுங்கு போதிய அளவு பரிசோதிக்கப்படவில்லை, உரிமையாளருக்கும் விமான நிறுவனத்துக்கும் இடையே தொடர்பாடல் குறைவு என்று பிரித்தானிய நாடாளுமன்றக் குழு பின்னர் கண்டது. கட்டியவர்களிடையே அவ்வளவு கவனமாக வளர்த்த ஒத்துழைப்பு, கட்டடத்தைப் பாவிக்க வந்தவர்களோடு அந்த அளவுக்கு வளர்க்கப்படவில்லை. கொழும்பிலும் இதைப் பார்க்கிறேன்: கட்டடத்தைப் பராமரிக்கப் போகும் குழுவைச் சாவி கொடுக்கும் நாளில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். நீர்த் தாங்கியின் வால்வைத் திறக்க ஏணி வைக்க இடமில்லை என்று அவர்கள் சொல்லும்போது சுவருக்கு வர்ணம் பூசி முடிந்திருக்கும்.

கேள்வி: நாங்கள் நம்பியிருந்த தளப் பொறியியலாளர் ஒரு மாத முன்னறிவித்தலோடு கட்டாருக்குப் போய்விட்டார். புதியவருக்கு எதுவும் தெரியவில்லை. பழைய முடிவுகள் எல்லாம் போனவரின் வட்ஸ்அப்பில் இருக்கின்றன. இனி என்ன செய்வது? (கொம்பனித்தெரு)

பதில்: போனவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, 2022க்குப் பிறகு மேசன், ஓடாவி முதல் பொறியியலாளர்வரை எத்தனை பேர் குடும்பத்தைக் காப்பாற்றக் கடல் கடந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்னும் பலர் போவார்கள். அதைத் தெரிந்துகொண்டே தளத்தை நடத்த வேண்டும்.

உடனடியாக, போனவரோடு நல்ல முறையில் தொடர்புகொண்டு, அந்தக் குழு உரையாடல்களை ஏற்றுமதி செய்து அனுப்பும்படி கேளுங்கள். அதில் வரைபடத்தை மாற்றிய, பணத்தைப் பாதித்த, ஏதாவது ஒன்றை அங்கீகரித்த செய்திகளைப் புதியவர் ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தெடுக்கட்டும். ஒவ்வொன்றையும் ஆலோசகருக்கு எழுத்தில் அனுப்பி உறுதிப்படுத்தல் கேளுங்கள். பெருவிரல் உயர்த்திய படம் அங்கீகாரமாகுமா என்று பிறகு நடுவர் முன் வாதிட நேர்வதைவிட, எல்லோரும் நல்ல முகத்தோடு இருக்கும் இப்போதே கேட்டுவிடுவது மேல்.

இனிமேலுக்கு: வட்ஸ்அப் செய்தி சொல்லும் இடமாக இருக்கட்டும், முடிவெடுக்கும் இடமாக வேண்டாம். அங்கே எடுக்கப்பட்ட எந்த முடிவும் அன்று மாலைக்குள் தளக் குறிப்பேட்டிலும் வரைபடத்திலும் ஏற வேண்டும். பழைய பதிப்பு வரைபடங்களைச் சுவரிலிருந்து கிழித்தெடுத்துவிடுங்கள். ஒரே தூணுக்கு மூன்று பதிப்புகள் தொங்கும் அறைகளை நான் கண்டிருக்கிறேன். யாராவது விலகுவதாக அறிவித்தால், மற்றவர் வரும்வரை காத்திராமல், அன்றிலிருந்தே அவரோடு ஒரு மேற்பார்வையாளரைத் தளத்தைச் சுற்றி நடக்க விடுங்கள். எந்தச் சுவருக்குள் என்ன குழாய் போகிறது, எந்த உப ஒப்பந்தகாரருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது என்பவை நடந்து பார்க்கும்போதுதான் வெளிவரும். அவர் சொல்வதை அந்த மேற்பார்வையாளர் அங்கேயே எழுதி, இருவரும் திகதியிட்டு ஒப்பமிடட்டும்.